டிட் வந்தால்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
வகுப்பு பத்து நிமிஷம் தள்ளிப்போகும்.
டயர் கடை மாடி.
'வென்ட்' என்றெழுதி, அடித்துவிட்டு
பெனடிக்டா மிஸ் சொன்னார்:
முன்னால் டிட் வந்துட்டா
போனது திரும்ப 'கோ' ஆயிடும்.
நடந்து முடிந்ததையெல்லாம் டிட் சுமக்கும்,
வினை வெறுங்கையோடு வரும்.

கன்டெய்னர் யார்டு தேசப்பன் எழுந்தான்.
"அவ போகலன்னு எப்படி மிஸ்?"
ஷீ டிட் நாட் கோ.
நோட்டில் மூன்று தரம் எழுதினான்,
நாலாவதும்.

யோசித்தால்
நம்ம 'போகல'வுக்கும் காலம் கிடையாது,
நேற்றா இன்றா, அது சொல்லாது.

குணவதி போனாள்.
சென்ட்ரல் பஸ், காலை ஐந்தே கால்,
மடியில் பச்சைப் பெட்டி.
டிக்கெட் கிழித்தவன் நான்.
மூணு ரூபாய் சில்லறை
இன்னும் தரணும்.