நேர்மூட்டு

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
இந்தச் சுவரை உடைத்ததும் நான்தான்.
ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்தெரு,
எண் பதினாறு, எண் பதினெட்டு.
அக்கா வைட்ஸ்கே, தங்கை பௌக்யே.
நடுவில் ஒரு கதவளவு வழி போதும் என்றார்கள்,
சூப் சட்டியோடு மழையில் நனையாமல் போய்வர.

கழற்றிய கல்லைக் கொட்டிவிடாதீர்கள் என்றேன் அன்று.
ஏன் சொன்னேனோ.
கொல்லையில் அடுக்கித் தகரம் மூடி வைத்திருந்தார்கள்.
பாசி பிடித்த மஞ்சள் கல்.
ஒன்றோடொன்று தட்டினால்
இன்னும் கணீரென்கிறது.

காரணம் கேட்பது கொத்தனார் வேலையில்லை.
ஏல்கே கேட்டுவிட்டான். சித்தாள் வாய்.
"அம்மாவின் கடிகாரம்" என்றாள் ஒருத்தி.
"கடிகாரம் இல்லை" என்றாள் மற்றவள்,
தன் அடுப்படியில் இருந்தபடியே.

கல்லை நனைத்தேன்.
காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை ஒரே மடக்கில் குடித்துவிடும்,
பிறகு எதையும் பிடித்துக்கொள்ளாது.
நூல் கட்டி, ரசமட்டம் வைத்து,
கரண்டிக் காம்பால் ஒரு தட்டு, இடப்பக்கம் இன்னும் ஒன்று.

முழங்கால் உயரம் வரை
அவள் ரேடியோ இவள் கூடத்தில் பாடியது.
இடுப்பு உயரத்தில் பூனை தாண்டியது.
நெஞ்சு உயரத்தில் திரும்பி வந்தது.
அதற்குமேல் சாரப்பலகையில் உட்கார்ந்து
என்னையே முறைத்தது.

கடைசி நாலு வரிக்கு
ஏதாவது ஒரு பக்கம் நின்றாகவேண்டும்.
பதினெட்டில் நின்றேன்,
காபி அங்கேதான் சூடாக இருந்தது.
மறுபக்கம் பிதுங்கிய சாந்தை வழிக்க
தெருவைச் சுற்றி,
மணி அடித்து,
பூட்ஸைக் கழற்றி,
இதுவரை ஓர் எட்டில் கடந்த இடத்துக்கு
நாற்பத்தோரு எட்டு வைத்துப் போனேன்.

பழைய சுவரை ஒரு வரி விட்டு ஒரு வரி கொத்தி,
பல் விட்டு, புதுக்கல்லை அதில் கடிக்கவைக்க வேண்டும்.
கட்டு என்றால் அதுதான்.
நான் கொத்தவில்லை.
இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை
ஒரே நேர்மூட்டு.
தொழிற்பள்ளியில் இதற்கு முட்டை போடுவார்கள்.
சிமெண்டும் சேர்க்கவில்லை.
சுண்ணாம்பு, மணல், தண்ணீர்.
நிற்கும். கூரைப் பாரம் உத்தரத்துக்கு.
உளியோடு எவனாவது வந்தால்
காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே
கதவாகிவிடும்.
ஏல்கே பார்த்தான்.
வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக
வாயை மூடிக்கொண்டான்.

கல்லுக்கு இவ்வளவு என்று கூலி.
சரிபாதியாக இரண்டு பில் வேண்டுமாம்.
இருநூற்று எண்பத்தேழு கல்,
இரண்டால் வகுபடவில்லை.
வேனில் உட்கார்ந்து, கண்ணாடியில் மழை வழிய,
எண்பத்தாறு என்று எழுதினேன்.

பாலம் தாண்டியபின்தான்
பின்னால் மணல் மூட்டைமேல் பூனை.
வண்டியைத் திருப்பினான் ஏல்கே.
விளக்கு எரியும் இரண்டு ஜன்னல்.
"எந்த மணியை அடிக்க?" என்கிறான்.