வார்த்தைக்கு ஒண்ணேகால் ரூபாய்

ஆங்கிலத்தில் அது அரை மூச்சு. சர்ஜ்.
சோடா மூடி திறந்த மாதிரி.
நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும்
நாளைக் காலை பத்து மணிக்குள்,
வார்த்தைக்கு ஒண்ணேகால் ரூபாய்க்கு.

காலடிப்பேட்டை, மாடி அறை, கீழே மாவு மில்.
மிளகாய் அரைபடும் நேரம்
மேசை நடுங்கும், கண் எரியும்,
அகராதி தானாக ஒரு பக்கம் புரளும்.

எழுச்சி என்கிறது அது.
எழுதிப் பார்த்தேன்.
கொடி கட்டிய மேடை வந்தது, குழாய் ஒலிபெருக்கி வந்தது,
மேடைக்குப் பின்னால் பிரியாணிப் பொட்டலம் வந்தது.
கடல் வரவில்லை.

பெருக்கு என்றால் ஆடி பதினெட்டு, மஞ்சள் கயிறு.
பொங்குதல் என்றால் பால், நல்ல சகுனம்.
கொந்தளிப்பு
இருந்த இடத்திலேயே கிடந்து புரளும்,
வீட்டுப் படி ஏறாது.

போன மாதம் இதே சொல் குளிர்பெட்டிக் கையேட்டில் வந்தது.
‘மின்னழுத்தம் திடீரென உயர்தல்’ என்று எழுதினேன்.
மூன்று சொல் போட்டு ஒன்றுக்குக் கூலி.
கீழ்வீட்டு முனிரத்தினம், மின்வாரிய ஒயர்மேன், சிரித்தார்:
“ஹை ஓல்ட்டுன்னு போடும்மா.
டிவி வெடிச்சவனுக்குப் புரியும்.”

அதற்கு முன் ஒரு வாடகை வண்டிக் கம்பெனி.
மழை நாளில் டோல்கேட்டிலிருந்து ராயபுரம் இரட்டை ரூபாய்;
அதற்கும் இதே சொல்.
கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்றார்கள்.
மென்மையாகவே எழுதிக் கொடுத்தேன்.
அந்த மழையில் நான் நடந்து வந்தேன்.

இந்த முறை காப்பீடு.
எண்ணூர்க் குப்பத்து இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
எட்டாம் பக்கம், மூன்றாம் பத்தி:
வெள்ளம் என்றால் பணம் உண்டு,
சர்ஜ் என்றால் கிடையாது.

மில் வாசலில் கூடை இறக்கிய தேசம்மாவைக் கேட்டேன்:
புயலன்னிக்கு உங்க வீட்டுக்குள்ள வந்துச்சே, அதுக்குப் பேரு இன்னா?
“எது, பாம்பா?”
தண்ணிக்கா.
“தண்ணிக்குப் பேரு தண்ணிதான்.”

நெத்திலி கிள்ளிக்கொண்டே கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
“ஆனா ரெண்டு தண்ணி வந்துச்சு.
ராத்திரி ஆத்துப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு,
கறுப்பா, எண்ணெ வாடையோட, மெதுவா.
விடியக்காலம் கடலு ஏறிச்சு. குபீர்னு.
கட்டிலு மெதந்துச்சு, சிலிண்டரு மெதந்துச்சு.
அப்பால ரெண்டும் கலந்துபோச்சு.
எது எந்தத் தண்ணின்னு
எவன் பிரிச்சுப் பாத்தான்?”

எட்டாம் பக்கம் பிரித்துப் பார்த்திருக்கிறது அக்கா.
சொல்லவில்லை. நூறு ரூபாய்க்கு நெத்திலி வாங்கினேன்.

குபீர்.
அகராதி அதை ஒலிக்குறிப்பு என்று ஓரமாக உட்கார வைக்கிறது,
சரேல், விசுக், பொசுக் கூட்டத்தோடு,
கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்தவர்களைப் போல.
நம் ஊரில் திடீரென்று வருவதெல்லாம்
முதலில் காதுக்குத்தான் வருகிறது.
பெயர் பிறகு வைக்கிறார்கள், பெரும்பாலும் ஆபீசில்.

எழுதினேன்:
‘புயலின்போது கடல் குபீரென ஏறி வீட்டுக்குள் வந்தால்
அந்தத் தண்ணீருக்கு இந்தக் காப்பீட்டில் பணம் இல்லை.’
பன்னிரண்டு சொல்.
மூலத்தில் மூன்று.
மூன்றே முக்கால் ரூபாய்.

ராத்திரி பதில் வந்தது:
ரொம்ப நேரடியாக இருக்கிறது,
‘புயல் எழுச்சி நீங்கலாக’ என்று மாற்றித் தர முடியுமா?

முடியாது என்று அடிக்கும்போது கரண்ட் போனது.
மில் நின்றது. தெரு முழுக்க ஒரு ஐயோ.
நெத்திலிக் குழம்பு வாசனை மட்டும் இருட்டில் நடமாடியது.

திரும்பி வந்தபோது பல்பு
ஒரு கணம் வெள்ளையாய் வெறித்தது, சீறியது.
கீழேயிருந்து முனிரத்தினம் கத்தினார்:
“ஏ, எல்லாத்தையும் ஆஃப் பண்ணு!”
நான்கு வீட்டில் நான்கு கை சுவிட்சுக்குப் பாய்ந்தது.
அது என்ன என்று
ஒருவரும் கேட்கவில்லை.

முடியாது என்பதை
மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியிருந்தது.