எல்லாருக்கும் ஜனவரி

ஆமர் வீதித் தொடர்மாடி. லிஃப்ட் பழுது.
ஜெஸீமா விரல் மடித்துச் சொல்கிறார்:
"கார்மெண்டில ஏழு வருசம்,
பிறகு மெயின் வீதிக் கடை. ஜனவரியில."

எல்லாருக்கும் ஜனவரிதான்.
என் படிவங்களில் ஒக்டோபரில்
ஒருவருக்கும் வேலை கிடைத்ததில்லை.

போன வருசம் இதே கதவில்
ஐந்து என்றிருந்தார்.
நடுவில் சும்மா இருந்தீங்களா?
"சும்மாவா? சீ."
உள்ளேயிருந்து மகள்:
"அப்ப வளையல் அடகு வச்சது எப்ப, உம்மா?"
வெங்காயம் கருகும் வாசம்.
"அது வாப்பாவோட ஆஸ்பத்திரிக்கு
அலைஞ்ச எட்டு மாசம்.
அது வேலையில்லாததா?"

அதற்கு எண் இல்லை. பென்சிலால் கோடிட்டேன்.

படியிறங்கும்போது என்னையே கேட்டேன்:
இந்த வேலையில் எப்போது சேர்ந்தாய்?
ஜனவரி, உடனே வந்தது பதில்.
ஆனால் நேர்முகத்துக்குப் போன அன்று
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
பேஸ்லைன் வீதியில்
முழங்கால் தண்ணீரில் நடந்தேனே.