எட்டில் ஒரு பங்கு

நீர்வேலி தெற்கில் ஐந்து பரப்புத் தோட்டக்காணி.
பெயர் ஒல்லையடி.
கிழக்கே ஒழுங்கை, மேற்கே பரஞ்சோதியின் வாழை,
வடக்கும் தெற்கும் பிரான்சில் இருப்பவர்களுடையவை.
இருபத்திரண்டு வருடமாய் உறுதி எழுதுகிறேன்.
எல்லைகள் முடிந்ததும் கை தானாக எழுதும்:
கிணற்றில் எட்டில் ஒரு பங்கும்
வழி வாய்க்கால் பாவனை உரிமையும் உட்பட.

வாங்க வந்த சிவகடாட்சம்
அந்த வரியில் விரலை வைத்தார். நகக்கண்ணில் செம்மண்.
"இதுக்குக் கீழ ஒரு வசனம் சேர்க்கேலுமே?
கிணத்துக்குள்ள பதினாலாம் வரிக் கல்லில
சிவப்புப் பெயின்ற் அடிக்கப் போறன்.
தண்ணி அதுக்குக் கீழ போனால்
என்ர முறையிலயும் நான் இறைக்கமாட்டன் எண்டு."

யாருக்குக் கொடுக்கும் வாக்கு இது, என்றேன்.
உறுதிக்கு இரண்டு தரப்பு வேண்டும்.
விற்பவர் சிரித்தார். தரகர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
கடாட்சம் கொஞ்சம் யோசித்தார்.
"கீழ கடல் இருக்கெல்லே."

இருக்கிறது.
இந்த ஊரில் எந்தக் கிணற்றுக்கும் பங்காளி ஒருவர் கூட,
கையெழுத்து வைக்க ஒருநாளும் வராதவர்.
சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளில்
மாரி மழை அவர்மேல் படுத்திருக்கிறது,
கலக்காமல், ஒரு மெல்லிய நித்திரையாய்.
நாங்கள் ஒரு சாண் இறைத்தால்
அவர் பல முழம் எழும்புவார்.
வழக்குப் போடமாட்டார், தவணை கேட்கமாட்டார்.
ஒருநாள் தேத்தண்ணியில் உப்பாய் வந்து இருப்பார்.

சட்டத்தில் இடமில்லை என்றேன்.
"அப்ப பென்சிலால ஓரத்தில எழுதுங்கோ."
எழுதினேன். பதிவகத்துக்கு அனுப்புமுன் அழித்தேன்.
எழுத்து போய்விட்டது, அழுத்திய தடம் போகவில்லை.
அதற்கு முத்திரைத் தீர்வை இல்லை.

சித்திரையில் ஒரு கலியாணத்துக்கு அந்தப் பக்கம் போனேன்.
பட்டுச்சேலையோடு கிணற்றை எட்டிப் பார்த்தேன்.
சிவப்புக்குக் கீழே இரண்டு வரிக் கல்
ஈரம் காய்ந்து வெளிறி நின்றது.
செவ்வாய்க்கிழமை, ஆறிலிருந்து ஒன்பது வரை அவருடைய முறை.
அவருடைய மோட்டர் சாக்குக்குள் கிடந்தது.
கதலி இலைகள் ஓரம் கருகி, குலைகள் முற்றாமல் முறிந்து,
நாற்பது இருக்கும், எண்ணவில்லை என்றார்.
எண்ணியிருப்பார்.

அவர் விட்ட மூன்று மணித்தியாலத்தில்
பரஞ்சோதியின் இரண்டு குதிரைவலு ஓடிக்கொண்டிருந்தது.
"உங்கட தண்ணியைத்தானே அவர் இறைக்கிறார்?"
நொத்தாரிசுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்.

பரஞ்சோதிக்கு ஒரு சொல் சொன்னார்,
நான் எந்த உறுதியிலும் எழுதமுடியாத சொல்.
பிறகு, குட்டிவாழை ஒன்றைக் கிண்டியபடி:
"அவனுக்கெண்டே நான் விட்டனான்?"
இன்னும் கொஞ்சம் கழித்து, என்னைப் பாராமல்:
"ரெண்டு இரவு மோட்டர் வயரைக் கையில பிடிச்சுக்கொண்டு
இதில வந்து நிண்டனான்."

கோயில் மேளம் கேட்டது. தாலி கட்டி முடிந்திருக்கும்.
அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை.
அவருக்கு வேலை இருந்தது.

பின்னேரம் வீட்டில்
தாங்கி நிரம்பி வழிந்து
குரோட்டன் சாடிகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது,
எவ்வளவு நேரமாயோ.
என் கிணறு முழுவதும் எனக்கே,
எட்டிலும் எட்டு, அலுமாரியில் உறுதி இருக்கிறது.
மோட்டரை நிறுத்திவிட்டுக் குனிந்து
வரிக்கற்களை எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்றில் இருட்டிவிட்டது.

கடையில் சிவப்பு முடிந்துபோயிற்று, மஞ்சள்தான் கிடைத்தது.
எந்தக் கல்லில் அடிப்பதென்று
இன்னும் தெரியவில்லை.
பேணி கிணற்றுக்கட்டில் இருக்கிறது,
மூடி திறக்காமல்.