பில்லில் எழுதியது

நீரோடியிலிருந்து பூவாறுக்கு
பைக்கில் இருபது நிமிஷம்.
நடுவில் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கும்;
ரோட்டுக்கு அது தெரியாது,
பெட்ரோல் பங்க்கின் விலைப்பலகைக்குத் தெரியும்.

ரிசார்ட் தென்னைக்குக் கீழே
டிராலியில் கிடந்தது வாட்டர் ஸ்கூட்டர்.
மஞ்சள் வயிறு, மூக்கில் புதுச் சிராய்ப்பு.
"இன்னலெ வரெ ஒரு குழப்பவும் இல்ல"
என்றார் மேனேஜர் ஷைலேந்திரன்.
எந்த எஞ்சினும் நேற்றுவரை நல்லதுதான்.
முப்பது வருஷமாகக் கேட்கிறேன்.

முதலில் அந்தச் சிவப்புக் கயிறு.
ஓட்டுகிறவன் மணிக்கட்டில் மாட்டுவது.
அதன் கிளிப் சுவிட்சில் சரியாக உட்காராமல்
எத்தனையோ நாள் எனக்குச் சும்மா கூலி கிடைத்திருக்கிறது.
இன்று உட்கார்ந்திருந்தது.
பேட்டரி பன்னிரண்டரை.
பட்டனை அழுத்தினால்
டக்.
அதோடு சரி.

அவர் மறுபடி அழுத்த வந்தார், கையைத் தட்டிவிட்டேன்.
காற்று அமுங்கும். பெட்ரோல் ஆவியும் அமுங்கும்.
தண்ணீர் அமுங்காது, சாரே.
பிடிவாதம் பிடித்தால் உள்ளே கம்பி வளையும்.

இரண்டு பிளக்கையும் கழற்றி
வயர்களை எர்த்தில் மாட்டி
பட்டனைத் தொட்டேன்.
இரண்டு துளையிலிருந்தும் ஆளுயரத்துக்குப் பீச்சியது,
என் சட்டை, அவர் வேட்டி, தென்னை மட்டை.
"ஆரும் மறிச்சிட்டில்ல" என்று அவரே தொடங்கினார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

உதட்டில் தெறித்ததை நக்கினேன்.
உப்பு.

ஆனி மழையில் நெய்யாறு நிறைந்து ஓடுகிறது.
இந்தப் படித்துறையில் சோப்புப் போட்டால் நுரைக்கும்.
இங்கே கவிழ்ந்திருந்தால் இனிப்பாக இருக்கவேண்டும்.
இது பொழியைத் தாண்டிப் போயிருக்கிறது,
ரிசார்ட் பலகையில் சிவப்பில் எழுதியிருக்கும்
'இதற்கப்பால் கூடாது' என்பதற்கு அப்பால்.

அடிவயிற்றுக் கம்பிச் சல்லடையில் கைவிட்டேன்.
தங்கூசி வலை, ஒரு முழம்.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது,
எங்க கரை முடிச்சு.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு
சிலுவைதாசன் வள்ளம் பொழிமுகத்தில் மறிஞ்சது.
ஏதோ வண்டி வந்து இழுத்தது என்றார்கள்,
விளக்கு இல்லை, ஒருத்தன்,
அவன் சொன்ன பாஷை தமிழுமில்லை மலையாளமுமில்லை.
கள் மயக்கம் என்று சிரித்தார் சர்ச் செயலாளர்.

ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றான் ருபுல்.
அசாம்காரன், படகு கழுவுகிறவன்.
ஆற்றங்கரையில் பிறந்தவன் என்பது நிற்கிற நிலையில் தெரியும்.
உள்ளங்கை இரண்டிலும் கயிறு உரித்த தோல்.

வலையைச் சுருட்டி பாக்கெட்டில் போட்டேன்.

பிறகு வேலை.
சிலிண்டரில் எண்ணெய், கிராங்கைச் சுற்றி, மறுபடி எண்ணெய்;
உப்பு ஒரு பகல் தங்கினால் பேரிங்கைத் தின்றுவிடும்.
கார்புரேட்டரை இறக்கினேன், டாங்கைக் கவிழ்த்தேன்,
புது பெட்ரோல், ஐம்பதுக்கு ஒன்று ஆயில்.
கம்ப்ரஷன் நூற்றிருபது, நூற்றுப்பதினெட்டு.
பாக்கியம் செய்த எஞ்சின்.

ருபுலுக்குக் கையால் சொன்னேன்:
ஸ்டார்ட் ஆன பிறகுதான் தண்ணீர் திற.
நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடு.
மாறினால் மறுபடி மூழ்கும், கரையில் நின்றபடியே.

ஐந்தாவது தடவை இருமியது.
ஏழாவதில் பிடித்தது.
தென்னை மறையுமளவு வெள்ளைப் புகை,
ஒரு கொக்கு கோபித்துக்கொண்டு போனது.

"காரணம் பில்லில் எழுதணும், முதலாளி கேட்கும்."
எழுதினேன்: பழைய பெட்ரோல். பிளக் இரண்டு மாற்றம்.
பூவாறு ஈரத்தில் பேனா ஒருதரம் மக்கர் பண்ணியது.

பைக்கை உதைக்கும்போது
ருபுல் புகைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.
வாய் திறக்கவில்லை. புருவம் மட்டும் ஏறியது.
மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.
மூணுபேரும்.
அவன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

மேனேஜரும் பார்த்துவிட்டார்.
"மூவாயிரமோ? கூடுதலாணல்லோ.
ரெண்டரை தரட்டே?"

குறையாது சாரே என்றேன்.
மூணு மூணுதான்.