பதிப்பு எண்

திருக்காட்டுப்பள்ளி கொள்முதல் நிலையம்.
தார்ப்பாய்க்குள் நெல், வெளியே தூறல்,
பட்டியல் போட மறுத்த சர்வர் முன் நான்.

பெட்டியில் ஒட்டிய சீட்டில் எட்டு.
ஒப்பந்தக்காரர் பில்லிலும் எட்டு.
கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டிக் கேட்டேன்:
உன் வெர்ஷன் என்ன?

ஐந்து புள்ளி ஆறு
என்றது, வெட்கமே இல்லாமல்.

எட்டும் இருந்தது அங்கேயே,
நிறுவிய நாளிலிருந்து யாரும் எழுப்பாமல்
இன்னொரு ஃபோல்டரில்.

மரியபுஷ்பம் என் பக்கம் திரும்பவில்லை.
சாக்கில் ‘ஆடுதுறை நாற்பத்து மூன்று’.
ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.
துப்பினார்.
முப்பத்தாறு என்று எழுதிவிட்டு
அடுத்த சாக்குக்குப் போனார்.

அந்த எட்டை இப்போது எழுப்புவதா
என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
வரிசையில் ஒரு டிராக்டர்
ஹாரனை விடவே இல்லை.