இரண்டரை அங்குலம்

பெட்டியின் மேல் இருபத்தாறாயிரம் என்று போட்டிருந்தது.
அங்குலத்துக்கு இத்தனை புள்ளி, என்றான் ஓட்கோன்பாயர்,
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே.
விளையாட்டுப் பையன்களிடம் இந்த மவுஸுக்குத்தான் மவுசு.
உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
தகரக் கடைக்குள்ளும் எங்கள் பேச்சு
புகையாகத்தான் வந்தது.

பிடித்துப் பார்த்தேன்.
நான் அசையவில்லை, திரையில் அம்பு அசைந்தது.
மூச்சை அடக்கினேன். அப்போதும் ஓர் ஓரத்தில்
துள்ளித் துள்ளி.
அது என் நாடி.
மனிதக் கை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை என்பதை
இவ்வளவு பணம் கொடுத்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

செம்புச் சுரங்கத்துக்கு வரைபடம் போடுகிறவள் நான்.
சரிவு எங்கே நிற்கும், லாரி எங்கே திரும்பும்.
ஒரு கோடு கொஞ்சம் தள்ளிப்போனால்
தெற்கே, கோபியில், யாரோ ஒருவர்
காற்றில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.
"வேகம் வேண்டாம் தம்பி.
நில் என்றால் நிற்கிற மாதிரி ஒன்று கொடு."

வேறொன்றை எடுத்தான். கறுப்பு, சப்பை.
அடியில் ஒரு பொத்தான்:
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு.
நானூறில் வைத்தான்.
ஓட்டினேன், திரையில் கால்வாசி.
தூக்கினேன், பின்னால் வைத்தேன், ஓட்டினேன்,
தூக்கினேன்
சேற்றில் செருப்போடு நடப்பதுபோல.

"அக்கா, உங்கள் மேசை எவ்வளவு பெரிசு?"
"பெரிய மேசைதான்."
"பிறகு ஏன் தீப்பெட்டிக்குள் ஓட்டுகிறீர்கள்?"

குனிந்து பார்த்தேன்.
அவன் விரித்திருந்த துணி இரண்டு முழம்.
என் முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

என் திரையின் அகலம்
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது புள்ளி.
ஆயிரத்து அறுநூறால் வகுத்தால்
இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.
அதில்தான் ஒன்பது வருஷம் குடியிருந்தேன்.
மிச்ச மேசை முழுக்கத் தெமூலெனின் விடைத்தாள்கள்:
திருத்தியவை, திருத்தாதவை,
திருத்திவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டவை,
மூடி தொலைந்த சிவப்புப் பேனா,
யாரும் கேட்காத இயற்பியல்.
தள்ளு என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.
சொல்லும் முன்பே தள்ளியிருப்பேன்.
அதைக் கைத்திறன் என்று வேறு
அலுவலகத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபரில் அவன் தார்கானுக்குப் போய்விட்டான்.
தாள்களும் போயின.
முழங்கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

நானூறுக்குத் துணிச்சல் வரவில்லை.
எண்ணூறு, என்றேன்.
"ஒரு வாரம் தோள் வலிக்கும்," என்றான்,
ஐயாயிரம் துக்ரிக் குறைத்தான், நான் கேட்காமலே.

இரவு. சுரங்கத்தின் கிழக்குச் சரிவை இழுக்கிறேன்.
கை போகிறது,
என் பக்கத்தைத் தாண்டிப் போகிறது,
சூடான கோப்பையை அவன் வைத்துவைத்து
வார்னிஷ் உரிந்த வட்டத்தின்மேல்
மவுஸ் ஒருமுறை தடுக்குகிறது.
கோடு அங்கே லேசாகக் கோணிவிட்டது.

அழித்துவிட்டு மறுபடி இழுக்கிறேன்.
சொன்னபடியே
தோள் வலிக்கிறது.